ரயில் எஞ்சின் மூளையில் பிறந்த மோட்டார் சைக்கிள்

கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, செயினும் பெல்ட்டும்கூடக் கிடையாது. ஆனாலும் வண்டி ஓடியது. 1894-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து விற்பனைக்கு வந்த ஹில்டெப்ரண்ட்–வோல்ஃப்முல்லர்தான், வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட உலகின் முதல் மோட்டார் சைக்கிள். ஜெர்மன் பொறியாளர்கள் டைம்லரும் மைபாக்கும் 1885-லேயே மரச்சட்டத்தில் ஒன்றைச் செய்திருந்தார்கள் என்பது உண்மை. அது எஞ்சினைச் சோதிக்கச் செய்த ஒற்றை வண்டி. சாயாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம் வேறு. கடைக்கு அது வரவே இல்லை.

ஹைன்ரிச், வில்ஹெல்ம் என்ற ஹில்டெப்ரண்ட் சகோதரர்கள் நீராவி எஞ்சினில் ஊறியவர்கள். சைக்கிளை நீராவியால் ஓட்ட முடியுமா என்று முதலில் பார்த்தவர்களும்கூட. பிறகு அலாய்ஸ் வோல்ஃப்முல்லரும், ஹான்ஸ் கைசன்ஹோஃப் என்ற மெக்கானிக்கும் சேர்ந்துகொள்ள, பெட்ரோலுக்கு மாறினார்கள். எரிபொருள் மாறியதே தவிர, பழகிய புத்தி மாறவில்லை.

வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே அது விளங்கும். படுக்கைவாட்டில் இரண்டு சிலிண்டர்கள். பிஸ்டனிலிருந்து வரும் நீண்ட தண்டுகள், நீராவி ரயில் எஞ்சினில் இருப்பதுபோலவே, நேராகப் பின்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும். சுழற்சியைச் சீராக்கும் ஃப்ளைவீல் தனியாக இல்லை. அந்த வேலையும் பின்சக்கரத்தின் தலையில்தான். பிஸ்டன் திரும்பி வர உதவியாக, இருபுறமும் தடித்த ரப்பர் பட்டைகள். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எங்கே? பின்சக்கரத்து மட்கார்டுக்குள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்களைப் பாராட்டலாம்.

எஞ்சினின் கொள்ளளவு 1,489 சிசி. கிடைத்ததோ நிமிடத்துக்கு 240 சுற்றில் சுமார் 2.5 குதிரைத்திறன். நம் தெருவில் ஓடும் 100 சிசி வண்டி இதைப்போல மூன்று மடங்கு தரும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் எஞ்சினும் ஒரே சுற்றுதான் என்றிருக்கும்போது வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? அப்படியும் மணிக்கு 45 கிலோமீட்டர் வரை போனது. அந்தக் காலத்துச் சாலையில் அது பயமுறுத்தும் வேகம்.

கிளப்புவதுதான் பெரும்பாடு. பொறி தரும் பிளக் கிடையாது. பர்னரைப் பற்றவைத்து, சிலிண்டரோடு சேர்ந்த பிளாட்டினக் குழாய் பழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். கிளட்ச் இல்லாததால், வழியில் மாடு குறுக்கே வந்து நிறுத்தினால் எஞ்சினும் நின்றுவிடும். மறுபடியும் தள்ளு, மறுபடியும் ஓடு.

ஆனால் விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆர்டர்கள் குவிந்தன. பிரான்ஸில் ‘பெட்ரோலெட்’ என்ற பெயரில் லைசென்ஸ் வாங்கித் தயாரிக்க ஒரு கம்பெனி முன்வந்தது. வாங்கியவர்கள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வம்பு தொடங்கியது. கிளம்பாத வண்டிக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். போதாக்குறைக்கு, விற்ற விலையைவிடச் செய்த செலவு அதிகம். 1897-ல் ஜெர்மனிக் கம்பெனி, பிரெஞ்சுக் கம்பெனி இரண்டும் கவிழ்ந்தன.

 

மோட்டார் சைக்கிளின் அடுத்த பெரிய திருப்பம் பாரிஸில் நேர்ந்தது. 1901-ல் வெர்னர் சகோதரர்கள் சிறிய எஞ்சினை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, பெடல் இருக்கும் இடத்துக்கருகே தாழ்வாக உட்காரவைத்து, பெல்ட் வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றினார்கள். மற்ற கம்பெனிகளும் அந்த அமைப்பையே பின்பற்றத் தொடங்கின. சக்கரத்தை நேராகச் சுழற்றும் தண்டுகளை அதன்பின் பெரும்பாலும் யாரும் சீண்டவில்லை.