சாயங்காலம் குடிச்ச காபி, நடுராத்திரியிலும் டியூட்டி பார்க்கும்... காஃபின் கணக்கு தெரியுமா?

படுத்து ஒரு மணி நேரம் ஆச்சு, தூக்கம் வரலை. ‘எல்லாம் இந்த போனால வந்தது’ என்று மொபைலைத் திட்டிவிட்டுப் புரண்டு படுக்கிறீர்களா? கொஞ்சம் இருங்க. சாயங்காலம் 5 மணிக்கு என்ன குடிச்சீங்க?

காபி, டீ என்றாலே ‘ஒரு நாளைக்கு எத்தனை கப்?’ என்றுதான் எல்லோரும் கேட்போம். கடைசி கப்பை எத்தனை மணிக்குக் குடித்தோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

களைப்பு போகலை, தெரியலை... அவ்வளவுதான்!

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். மூளை செல்களில் தனக்கென இருக்கும் இடங்களில் அது போய் உட்காரும்போதுதான் ‘போதும், தூங்கு’ என்ற சிக்னல் கிடைக்கும். காஃபினின் வடிவமும் கிட்டத்தட்ட அடினோசின் மாதிரிதான். அதனால், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல, அந்த இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடும். சேர்ந்த அடினோசின் எங்கேயும் போகாது. சீட் காலியாகும்வரை காத்திருக்கும். காபி ‘இறங்கியதும்’ மொத்தமாக அசதி வருவது இதனால்தான்.

5 மணி கப்பின் கணக்கு

உடம்புக்குள் போன காஃபினில் பாதி வெளியேற சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு 80 மில்லிகிராம் உள்ளே போனால், இரவு 10 மணிக்கு 40 மில்லிகிராம் மிச்சமிருக்கும். விடியற்காலை 3 மணிக்கும் 20 மில்லிகிராம் இருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் மெதுவாகக் குறையும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதியாகவே 15 மணி நேரம் வரைகூட ஆகலாம்.

‘நான் காபி குடிச்சிட்டே தூங்குவேன்’ என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கு, தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது.

எதில் எவ்வளவு?

தூள், அளவு, தயாரிப்பைப் பொறுத்து மாறும். தோராயமாக...

• வடிகட்டிய பிளாக் காபி (240 மி.லி): 95 மி.கி
• இன்ஸ்டன்ட் காபி (240 மி.லி): 60 மி.கி
• பிளாக் டீ (240 மி.லி): 47 மி.கி
• கிரீன் டீ (240 மி.லி): 30 மி.கி
• கோலா (355 மி.லி): 34 மி.கி
• டார்க் சாக்லேட் (28 கிராம்): 23 மி.கி

‘டீகேஃப்’ காபியிலும் கொஞ்சம் காஃபின் உண்டு. சில தலைவலி மாத்திரைகளிலும் உண்டு. அட்டையைத் திருப்பிப் பாருங்க.

நம்ம ஊர் ஃபில்டர் காபியில் ஒரு சூட்சுமம் இருக்கு. சிக்கரியில் காஃபின் கிடையாது. அதனால் கறுப்பா, கசப்பா இருந்தாலே ‘ஸ்ட்ராங்’ என்று அர்த்தமில்லை. பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவிகிதம் என்று பாருங்க. கொட்டையும் முக்கியம்: அரபிகாவைவிட ரோபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காஃபின் இருக்கும்.

எக்ஸாம் நைட் எச்சரிக்கை

எனர்ஜி டிரிங்க்கில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி வரை காஃபின் இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதல்ல என்று கேனிலேயே அச்சிட்டிருப்பார்கள். பப்ளிக் எக்ஸாமுக்கு விடிய விடிய படிக்கும் தம்பி, தங்கை வீட்டில் இருந்தால், அந்த வரியைக் காட்டுங்க. படித்தது மனதில் பதியத் தூக்கமும் வேண்டும்.

எவ்வளவு ஓகே?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி வரை, கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி வரை பாதுகாப்பானது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு. அதற்குக் குறைவாகக் குடித்தும் படபடப்பு, கை நடுக்கம், பதற்றம் வந்தால், உங்கள் லிமிட் அவ்வளவுதான். இதயத்துடிப்புப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

திடீர்னு நிறுத்தாதீங்க!

தினமும் குடிப்பவர்கள் சட்டென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, எரிச்சல், சோர்வு ஆரம்பிக்கலாம். சில நாள்கள் நீடிக்கவும் செய்யும். வாரத்துக்கு அரை கப், ஒரு கப் எனக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

காலை காபியை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கப்போவதில்லை. தூங்கும் நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் பின்னோக்கி எண்ணுங்க. நைட் ஷிஃப்ட் என்றாலும் இதே கணக்குதான். 11 மணிக்குப் படுப்பவருக்குக் கடைசி கப் மதியம் 3 மணிக்கு. ஒரு வாரம் முயற்சி செய்து பாருங்க. அதுக்கப்புறமும் தூக்கம் வரலைன்னா, மொபைலைத் திட்டிக்கலாம்!