தீன் மூர்த்தி: ஒரு சந்திப் பெயரின் வரலாறு

புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குத் தெற்கே, சாலைகள் கூடும் வட்டமொன்றின் நடுவில் மூன்று படைவீரர்களின் வெண்கல உருவங்கள் ஒரு தூணைச் சூழ்ந்து நிற்கின்றன. லெனார்ட் ஜென்னிங்ஸ் என்னும் பிரித்தானியச் சிற்பி வடித்த இந்நினைவுச் சின்னம் 1922-இல் எழுப்பப்பட்டது. ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் சமஸ்தானங்களின் குதிரைப்படைகளிலிருந்து முதல் உலகப் போருக்குச் சென்று சினாய், பாலஸ்தீனம், சிரியா ஆகிய களங்களில் மடிந்தோருக்கு உரியது அது. சமஸ்தானத்துக்கு ஓர் உருவம்.

மக்கள் வழக்கோ மடிந்தோரைப் பெயரில் ஏற்றவில்லை. உருவங்களை எண்ணி 'தீன் மூர்த்தி' என்றது. எதிரே 1930-இல் படைத்தலைவருக்காகக் கட்டப்பட்ட 'ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ்' பின்னர் இப்பெயரையே பெற்றது. நேரு 1948 முதல் 1964 வரை அங்கு வாழ்ந்தமையால் பெயர் நாடெங்கும் பரவியது. சிலைகள் பெயருக்குப் பின்னே மறைந்தன.

தமிழாக்குவோர் இடறும் இடம் இதுவே. இந்தியில் 'மூர்த்தி' சிலையையும் குறிக்கும். தமிழில் அது இறைவடிவம், அன்றேல் ஆட்பெயர். 'மும்மூர்த்தி இல்லம்' என்றெழுதினால் அயன், அரி, அரன் மூவரும் வந்து அமர்ந்துவிடுவர்! இந்தி வழக்கு வடமொழித் 'திரி'யை விடுத்துத் தற்பவமான 'தீன்' என்னும் எண்ணுப்பெயரை ஆள்வதால் அம்மயக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஒலிபெயர்ப்பும் முற்றும் தெளிவு தருவதன்று. தகர ஒலிப்பு வேறுபாட்டைத் தமிழெழுத்து காட்டாமையால், இசுலாமியத் தமிழில் மார்க்கத்தைக் குறிக்கும் 'தீன்' இதனோடு ஒன்றுகிறது. எனினும் 'தீன் மூர்த்தி' என ஒலிபெயர்த்து, முதல்முறை வருமிடத்தில் 'மூன்று சிலைகள்' என விளக்குவதே தக்கது.

2018 ஜனவரியில் இவ்விடம் 'தீன் மூர்த்தி ஹைஃபா சௌக்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1918 செப்டம்பர் 23-இல் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய போரை நினைவுகூர்வது இம்மாற்றம். ஆயின் அன்று தாக்கியவை ஜோத்பூர், மைசூர்ப் படைகளே. ஹைதராபாத் படை அதில் ஈடுபடவில்லை. பெயரின் முற்பகுதி மூவரை எண்ண, பிற்பகுதி இருவரையே சுட்டுகிறது.

'சௌக்' என்பதற்கு 'சதுக்கம்' பொருந்தும். இரண்டுமே 'சதுஷ்க' என்னும் வடசொல்லின் வழிவந்தவை. வட்டத்தைச் சதுக்கம் எனல் முரணாகத் தோன்றலாம்; ஆனால் சிலப்பதிகாரம் கூறும் புகாரின் பூத சதுக்கம் நாற்றெருக் கூடுமிடமேயன்றி நாற்கோண வடிவைச் சுட்டியதன்று.