சீராம்பூரின் அன்னை: ஹன்னா மார்ஷ்மன்

வங்கத்தில் வாழும் தமிழர்களுக்குச் சீராம்பூர் புதிய ஊர் அன்று. ஹௌராவில் மின்ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் அங்கே இறங்கிவிடலாம். ஹூக்ளி நதிக்கரையில் கம்பீரமாக நிற்கும் கல்லூரியையும், அதன் நூலகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்களில் பலர், கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். வரலாற்று நூல்களும் அந்த மூவரோடு நின்றுவிடுகின்றன. அவர்களுடைய வரலாற்றை 1859-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதி வெளியிட்டவர், மார்ஷ்மனின் மூத்த மகன் ஜான் கிளார்க் மார்ஷ்மன். நூலின் தலைப்பில் மூன்று ஆடவரின் பெயர்கள் உண்டு. தம்மைப் பெற்று வளர்த்த தாயின் பெயருக்கு அங்கே அவர் இடம் தரவில்லை. அந்த மூவரின் உழைப்புக்கும் உணவிட்டு, அவர்கள் நிறுவனத்திற்குப் பொருளும் ஈட்டித் தந்தவர் அந்தத் தாய். அவரைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

ஹன்னா ஷெப்பர்டு 1767-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். பாட்டனார் ஜான் கிளார்க், வில்ட்ஷயர் நாட்டுப்புறத்தில் குரோக்கர்ட்டன் என்னும் சிற்றூரில் பாப்டிஸ்டு சபையின் போதகர். 1791-இல் ஹன்னா, நெசவாளியின் மகனான ஜாஷுவா மார்ஷ்மனை மணந்தார். கணவருக்குப் புத்தகமே உயிர். தறியில் அமர்ந்தும் படித்தவர் என்பார்கள். 1794-இல் பிரிஸ்டல் பிராட்மீட் சபையார் நடத்திய தருமப் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அதோடு சொந்தமாகவும் ஒரு பள்ளி நடத்தினார். வாழ்க்கை செழிப்பாகத்தான் போயிற்று. அந்த வேளையில் வங்கத்திலிருந்து வில்லியம் கேரி எழுதிய கடிதங்கள் அச்சாகி வந்தன. அவற்றைப் படித்த மார்ஷ்மனுக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை.

1799 மே மாத இறுதியில், கிரைட்டீரியன் என்னும் அமெரிக்கக் கப்பலில் அவர்கள் குழந்தைகளுடன் புறப்பட்டனர். ஏன் அமெரிக்கக் கப்பல்? கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் ஆட்சிப் பகுதியில் மிஷனரிகள் கால் வைப்பதை விரும்பவில்லை. வாணிபத்திற்கும் அமைதிக்கும் அவர்களால் இடையூறு வரும் என்பது கம்பெனியின் எண்ணம். ஆகவே கல்கத்தாவில் இறங்காமல், நதியின் மேல்நோக்கிச் சென்று, டேனிஷ்காரருக்கு உரியதாக இருந்த சீராம்பூரில் அக்டோபர் 13-ஆம் நாள் கரையேறினார்கள். கல்கத்தாப் பத்திரிகை ஒன்று "பாப்டிஸ்டு" என்று போட வேண்டிய இடத்தில் போப்பைச் சேர்ந்தவர்கள் என்று பொருள்படும் சொல்லைப் போட்டுவிட்டது. பிரெஞ்சுக்காரரோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். வந்தவர்கள் ஒற்றர்களோ என்று கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லிக்கு ஐயம் பிறந்தது! பிழை விளங்கிய பிறகும் அவர்கள் ஆங்கிலேயப் பகுதிக்குள் செல்ல இசைவு கிடைக்கவில்லை.

அவர்களைக் கைவிடாமல் காத்தவர் சீராம்பூரின் டேனிஷ் கவர்னர் ஓலே பீ. இவருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. முன்பு தரங்கம்பாடியில் பணிபுரிந்தபோது, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் போதனையைக் கேட்டுப் பழகியவர் அவர். காவிரிக் கரையில் கேட்ட சொற்களை மறவாதவர், கங்கைக் கரையில் அகதிகளாக வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்தார் என்றே கொள்ளலாம். தரங்கம்பாடி, சீராம்பூர் ஆகிய இரண்டையுமே டேனிஷ் அரசு 1845-இல் ஒரே உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்கு விற்றது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கரையேறிய மகிழ்ச்சி நீடிக்கவில்லை. உடன் வந்த கிராண்ட் என்பவர் மூன்று வாரத்திற்குள் காய்ச்சலில் இறந்தார். 1801 முடிவதற்குள் பவுண்டன், பிரன்ஸ்டன், தாமஸ் என்று மேலும் மூவர் மறைந்தனர். எஞ்சியவர்கள் சில ஆடவர், சில பெண்டிர், சில கைம்பெண்கள், பல குழந்தைகள். 1800 ஜனவரியில் கேரியும் தம் குடும்பத்துடன் வந்து சேர்ந்தார். எல்லோருமாக ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில் உண்டு, வரவு அனைத்தையும் பொதுநிதியில் இட்டு வாழ்வது என்று தீர்மானித்தார்கள். யாரும் தனக்கென்று வாணிபம் செய்யக் கூடாது; சனிக்கிழமை மாலைதோறும் கூடி, மனத்தாங்கல் இருந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு, இப்படிப்பட்ட வீட்டில் பாரம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேரியின் மனைவி டாரதி, குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தாலும் நோயாலும் மனநிலை பிறழ்ந்திருந்தார். ஓர் அறையில் அவர் ஓலமிட, அடுத்த அறையில் கேரி மொழிபெயர்ப்பில் மூழ்கியிருப்பார். நான்கு பிள்ளைகளும் கட்டுப்பாடின்றித் திரிந்தனர். கேரி மாபெரும் அறிஞர். ஆனால் பிள்ளைகளை அதட்டத் தெரியாதவர். அவர் கேட்டைக் கண்டு வருந்தினாரே தவிர, அதை மாற்றும் கண்டிப்பு அவரிடம் இல்லை என்ற கருத்தை ஹன்னாவே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கும் பொறுப்பை அவர் ஏற்றார். 1807-இல் டாரதி கண்ணை மூடும்வரை அந்த வீட்டின் துயரமும் அவருடைய துயரமாகவே இருந்தது. அவர் பெற்ற பிள்ளைகள் பன்னிருவர். அவர்களில் பாதிப்பேரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் பள்ளி. 1800-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், மார்ஷ்மனும் ஹன்னாவும் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு விடுதிப் பள்ளிகளைத் திறந்தார்கள். ஐரோப்பியர்களின் பிள்ளைகளும், ஆங்கிலோ இந்தியக் குடும்பப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தார்கள். கல்கத்தாவில் அக்காலத்தில் நல்ல பள்ளிகள் குறைவு. பிள்ளைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப வசதியில்லாத பெற்றோர்கள், பதினைந்து மைல் தொலைவில் ஒழுக்கமும் படிப்பும் உள்ள ஓர் இடம் கிடைத்ததென்று மகிழ்ந்தார்கள். பள்ளி விரைவில் பெயர் பெற்றது, கட்டணமும் வந்தது. இங்கிலாந்துச் சங்கம் அனுப்பிய தொகை அந்தப் பெரிய குடும்பத்திற்குப் போதாதபோது, மிஷனைத் தாங்கி நிறுத்தியது இந்தப் பள்ளிகளின் வருவாய். 1801 முதல் கேரி கோட்டை வில்லியம் கல்லூரியில் மாதம் ஐந்நூறு ரூபாய்ச் சம்பளம் பெற்றுப் பொதுநிதியில் சேர்த்தார் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். பெண்கள் பள்ளியின் வரவும் அதே பெட்டியில்தான் விழுந்தது. அதை எழுதுவோர் குறைவு.

1806-இல் மார்ஷ்மன் சீன மொழி கற்கத் தொடங்கினார். மக்காவோவில் பிறந்த ஆர்மீனியர் லாசார் என்பவர் ஆசிரியர். பதினாறு ஆண்டு உழைப்புக்குப் பின் 1822-இல் சீன மொழியில் பைபிள் முழுவதும் வெளிவந்தது. வங்காளத்தில் இருந்துகொண்டு சீனத்தில் மொழிபெயர்ப்பது வியப்புத்தான். அந்தப் பதினாறு ஆண்டும் விடுதிப் பிள்ளைகளின் சோற்றையும் துணியையும் காய்ச்சலையும் கவனித்தது யார் என்று கேட்டால், சீன அகராதியில் விடை கிடைக்காது.

1812 மார்ச் 11-ஆம் நாள் இரவு அச்சகத்தில் தீப்பிடித்தது. காகிதம், கையெழுத்துப் பிரதிகள், பல மொழிகளின் அச்செழுத்துக்கள் எல்லாம் வெந்தன. அந்நாட்களில் அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடும் முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் எழுத்து வார்க்கும் எஃகு அச்சுகள் சாம்பலுக்கு அடியில் கெடாமல் கிடைத்தன. உருகிய ஈயத்தைக்கொண்டே மீண்டும் எழுத்து வார்த்தார்கள். 1813-இல் அந்தத் தமிழ் நூல் வெளிவந்தது. தமிழ் வழங்காத வங்க மண்ணில், பாப்ரீஷியஸின் தமிழ் அச்சேறியது ஒரு விந்தை.

இந்தியப் பெண்களின் கல்விக்கு வருவோம். 1800 டிசம்பரில் தச்சுத் தொழிலாளியான கிருஷ்ண பால் ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டில் அவர் வீட்டுப் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து, வங்க மொழியில் பேசவும், எழுத்தறிவு தரவும் மிஷன் வீட்டுப் பெண்களால்தான் முடிந்தது. அந்நிய ஆடவர் அந்தப்புரத்து வாயிலை மிதிக்க முடியாத சமூகம் அது. படித்த பெண் விரைவில் கைம்பெண் ஆவாள் என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்த காலம். மார்ஷ்மனின் முயற்சியால் 1818-க்குள் சீராம்பூரைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட நாட்டு மொழிப் பள்ளிகள் எழுந்தபோதும், அவை பெரும்பாலும் பையன்களுக்கே. 1820-களில்தான் பெண் பிள்ளைகளுக்கான சிறு பள்ளிகள் ஊருக்கு ஊர் தோன்றின. சில ஆண்டுகளில் பத்துக்கு மேற்பட்டவை சீராம்பூரின் மேற்பார்வையில் நடந்தன. அவற்றின் பின்னே நின்றவர் ஹன்னா. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அந்தப் பள்ளிகளில் குறை இல்லாமல் இல்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுச் சிறுமிகள். மணம் முடிந்ததும் நின்றுவிடுவார்கள். சமயப் போதனையே நோக்கம் என்பதால் மேல்சாதிக் குடும்பங்கள் ஒதுங்கி நின்றன. அந்த அச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் மனத்தைத் தொட, சமயப் பாடம் இல்லாத பள்ளி ஒன்று தேவைப்பட்டது. 1849-இல் பெத்யூன் அதைக் கல்கத்தாவில் தொடங்கினார். ஆயினும் பெத்யூனுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, சேறும் பாசியும் மண்டிய ஹூக்ளிக் கரைச் சிற்றூர்களில், பெண் பிள்ளையின் கையில் பலகையைக் கொடுத்தவர்கள் இவர்கள் என்பதை மறுக்க இயலாது.

ஹன்னாவை இந்தியாவின் முதல் பெண் மிஷனரி என்று அழைப்பவர்கள் உண்டு. தமிழர்களாகிய நாம் இங்கே சற்று நிறுத்திக் கேட்கலாம். தரங்கம்பாடியில் 1707-லேயே சீகன்பால்கு பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். 1716-இல் அவருடைய மனைவியும் அங்கே வந்து சேர்ந்தார். ஆகவே அந்தப் பட்டத்தை அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆனால் கணவரின் நிழலில் நில்லாமல் தாமே ஓர் அமைப்பை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடத்தியவர் என்று பார்த்தால், அவருக்கு ஒப்பானவரை அக்காலத்தில் காண்பது அரிது.

புகழ் வந்தால் பழியும் வரும். பின்னர் இங்கிலாந்திலிருந்து வந்த இளைய மிஷனரிகள், மார்ஷ்மன் குடும்பம் ஆடம்பரமாக வாழ்கிறது என்று எழுதினார்கள். 1818-இல் அவர்கள் பிரிந்து கல்கத்தாவில் தனியே அமைந்தனர். 1827-இல் சீராம்பூரும் இங்கிலாந்துச் சங்கமும் உறவை முறித்துக்கொண்டன. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோருக்கும் கவர்னர் வீட்டு விருந்தினருக்கும் தகுந்தபடி மேசை போட வேண்டியவர் ஹன்னா. பள்ளிக்கூடத்தின் தட்டும் கோப்பையும் புதிதாக வந்தவர்களின் கண்ணுக்குச் செல்வமாகத் தெரிந்தன. பொதுநிதிக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது.

இதற்கிடையே வார்டு 1823-இல் காலரா நோயில் மறைந்தார். 1830 முதல் கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தபோது, மிஷனின் சேமிப்பும் போயிற்று. கேரி 1834-இல் காலமானார். அடுத்த அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. ஹன்னாவின் பெயரையே தாங்கிய மகள், 1829-இல் ஹென்றி ஹாவ்லக் என்னும் படை அதிகாரியை மணந்திருந்தாள். பின்னாளில் 1857-இல் லக்னோவில் இறந்த ஜெனரல் ஹாவ்லக் இவர்தான். அந்தமானில் அவர் பெயரால் வழங்கிய தீவு 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றம் பெற்றது. 1836-இன் இறுதியில் லாண்டூர் மலையில் அவர்கள் தங்கியிருந்த வீடு தீப்பற்றியது. மகள் கடுமையாக வெந்து பிழைத்தாள், கைக்குழந்தை பிழைக்கவில்லை. அச்செய்தி கேட்ட மார்ஷ்மன் அதன்பின் தேறவேயில்லை. 1837 டிசம்பரில் அவர் இறந்தார். சீராம்பூரும் சங்கமும் மீண்டும் இணைவது என்று லண்டனில் முடிவானது அந்த மாதத்தில்தான். அச்செய்தி அவரை எட்டவில்லை.

ஹன்னா எழுபது வயதில் தனியரானார். ஊர் திரும்ப நினைக்கவில்லை. இடையில் ஒருமுறை, 1820-இல், இங்கிலாந்து சென்று மறு ஆண்டே திரும்பியவர் அவர். மகன் ஜான் அருகில் இருந்தார். 1818-இல் தொடங்கிய ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வங்க வார இதழ், ‘பிரெண்டு ஆஃப் இந்தியா’ என்னும் ஆங்கில இதழ் ஆகியவற்றோடு இணைந்த பெயர் அவருடையது. கல்கத்தாத் தமிழர் பலர் காலைக் காப்பியோடு பிரித்துப் படித்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அந்த ஆங்கில இதழ் பின்னர் வந்து கலந்தது.

டேனிஷ் கொடி சீராம்பூரிலிருந்து இறங்கியதையும் ஹன்னா கண்ணால் கண்டார். 1799-இல் தம்மைக் காத்த அந்தக் கொடி இறங்கி ஈராண்டுக்குள், 1847 மார்ச் மாதத்தில், எண்பதாவது வயதை எட்டும் தறுவாயில் அவர் காலமானார். அந்த மிஷன் குடும்பத்தின் முதல் தலைமுறையில் கடைசியாகச் சென்றவர் அவரே. ரயில் நிலையத்திலிருந்து நெடுந்தொலைவு இல்லாத மிஷன் கல்லறைத் தோட்டத்தில், கேரி, வார்டு, கணவர் ஆகியோர் துயிலும் மண்ணில் அவரும் துயில்கிறார்.