மனக்கோயிலும் வழிநூலும்

ஆவடியைத் தாண்டி மேற்கே போகும் புறநகர் ரயில், பட்டாபிராமும் நெமிலிச்சேரியும் கழிந்தபின் திருநின்றவூரில் நிற்கும். சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பிப் பொருள் தேடி அலைந்து, கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்த பூசலார் நாயனாரின் ஊர் இது. காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்த காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, அதே நாளில் தான் நின்றவூர்ப் பூசலின் ஆலயத்தில் புகவிருப்பதாகவும், அரசன் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்ன கதை நாமனைவரும் அறிந்ததே.

இக்கதையை அன்பின் பெருமைக்குச் சான்றாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், அதில் உள்ள வேறொரு நுட்பத்தை நாம் கவனிப்பதில்லை. பூசலார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நொடியில் கோயிலைக் கற்பித்துக்கொள்ளவில்லை. சேக்கிழார் சொல்லும் முறையைப் பாருங்கள். முதலில் பொருள் சேர்க்கிறார், கருவிகளையும் தச்சரையும் தேடுகிறார், ஆகமம் சொல்லும் நாளில் அடிநிலை இடுகிறார், அடிமுதல் முடிவரை வரிசை தப்பாமல் வளர்க்கிறார், தூபி நடுகிறார், சுதை பூசுகிறார், கிணறும் குளமும் மதிலும் அமைக்கிறார். எல்லாம் மனத்தில். ஆனால் எதிலும் விதியை மீறவில்லை. மனத்தில் கட்டுவதுதானே என்று அவர் குளத்தை விட்டுவிட்டிருக்கலாம், விடவில்லை. வெறும் பகற்கனவுக்கும் பாவனைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பகற்கனவுக்கு விதி கிடையாது. பாவனைக்கு விதியும் உழைப்பும் காலமும் உண்டு.

‘ஸிமுலேஷன்’ என்று இன்று வழங்கும் கணினி விளையாட்டுகளின் வரலாற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கக்கூடும். அவற்றை ஆடுபவர்களை ஆண்டுக்கணக்காக வாட்டும் ஒரு கவலை, நம் இலக்கணக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதித்த ஒன்று. அடுத்த பாகம் வரும்போது முதல் பாகத்துக்கு என்ன நேரும் என்பதே அக்கவலை.

இவ்வகை விளையாட்டுகளில் முன்னோடி, வில் ரைட் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1989இல் வெளிவந்த ‘சிம்சிட்டி’. அவர் அதற்கு முன் 1984இல் ஹெலிகாப்டரில் பறந்து குண்டு வீசும் விளையாட்டு ஒன்றை இயற்றியிருந்தார். குண்டு வீசுவதைவிட, குண்டு விழவேண்டிய தீவுகளில் சாலையும் கட்டிடமும் வரைவதே அவருக்கு இன்பமாக இருந்தது. அந்த இன்பமே சிம்சிட்டியாயிற்று. நகரங்களின் வளர்ச்சியையும் தேய்வையும் கணக்கியல் மாதிரியாக விளக்கிய ஜே ஃபாரஸ்டரின் 1969ஆம் ஆண்டு நூலும், போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம்மின் கதையொன்றும் அவருக்குத் தூண்டுதல்கள். நாடிழந்த கொடுங்கோலன் ஒருவனுக்கு ஆள்வதற்கென்று பெட்டிக்குள் ஒரு குட்டி நாட்டைச் செய்து கொடுக்கிறான் ஒரு பொறியாளன். அந்நாட்டின் குடிகள் படும் துன்பம் உண்மையான துன்பமா, பாவனையா என்பதே கதையின் கேள்வி.

சிம்சிட்டியில் வெற்றி தோல்வி என்று எதுவும் இல்லை. நிலத்தை வகைப்படுத்தி, மின்சாரம் கொடுத்து, வரி விதித்துவிட்டுக் காத்திருந்தால் ஊர் தானே முளைக்கும், தானே நோயுறும். திட்டமிட்டு அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் அதைச் சுற்றித் திட்டமின்றி வளர்ந்த நகர்களையும் அன்றாடம் பார்க்கிறவர்களுக்கு இதன் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. நம் தெருவில் நம் கைக்கு எட்டாத சாலையும் வடிகாலும் அங்கே நம் கைக்குள் வருகின்றன.

அடுத்த பாகமான ‘சிம்சிட்டி 2000’ வெளிவந்த ஆண்டு 1993. மேலிருந்து பார்த்த தட்டையான ஊருக்கு மேடும் பள்ளமும் வந்தன; நிலத்தடியில் குடிநீர்க் குழாய்கள் வந்தன. பழைய விதிகள் அப்படியே இருக்க, அவற்றின்மேல் புதியவை ஏறின. 1999இலும் 2003இலும் வந்த பாகங்களும் பெரிதும் இவ்வழியே சென்றன. எனவே 2013இல் மீண்டும் ‘சிம்சிட்டி’ என்ற மூலப்பெயரையே சூட்டிக்கொண்டு புதிய பாகம் வந்தபோது எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. நடந்தது வேறு. தனியே ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்றார்கள். வெளிவந்த நாட்களில் வழங்கிகள் தாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் வாசலிலேயே காத்துக்கிடந்தார்கள். 2003இன் விளையாட்டில் நான்கு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம் வரை விரிந்த ஊர், இதில் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கியது. இணைப்பின்றி ஆடும் வசதி ஓராண்டு கழித்து, 2014இல்தான் வந்தது. 2015 மார்ச்சில், அதை உருவாக்கிய மேக்ஸிஸின் எமரிவில் நிலையம் மூடப்பட்டது.

இதற்குப் பிறகுதான் ‘இரண்டாம் பாகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஆடுபவர்கள் மகிழ்வதற்கு முன்பாக அஞ்சத் தொடங்கினார்கள் எனலாம். அஞ்சுவதற்கு வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. குடும்ப வாழ்வைப் பாவனை செய்யும் ‘தி சிம்ஸ்’ வரிசையின் நான்காம் பாகம் 2014இல் வந்தபோது அதில் நீச்சல் குளம் இல்லை. தளிர்நடைப் பருவத்துக் குழந்தைகள் இல்லை. முந்தைய பாகத்தில் இருந்தவை இவை. குளம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பியது. குழந்தைகள் 2017இல்தான் திரும்பினார்கள். ராக்கெட் கட்டி விண்ணில் ஏவும் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ மெக்சிகோவில் பிறந்து உலகெங்கும் அன்பர்களைப் பெற்றது. அதன் இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. வேற்றுக்கோள்களில் குடியிருப்புகளும் விண்மீன்களுக்கிடையிலான பயணமும் வாக்களிக்கப்பட்டிருந்தன. அவை வருமுன்பே, 2024இல், அதை உருவாக்கிய நிலையம் இல்லாமல் போயிற்று.

சிம்சிட்டி விட்டுச்சென்ற இடத்தை 2015இல் ஃபின்லாந்தின் டாம்பெரே நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்று ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ மூலம் நிரப்பியது. ஆடுபவர்களே கட்டிடங்களையும் வண்டிகளையும் செய்து பகிர்ந்துகொள்ள அது இடம் தந்தது; எட்டாண்டுகளில் அப்படிச் சேர்ந்தவை ஒரு பெருங்களஞ்சியம். 2023 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தபோது பழைய ஊர்களும் வரவில்லை, பழைய களஞ்சியமும் பொருந்தவில்லை. நல்ல கணினிகளே திணறின. 2024இல் விலைக்கு வந்த ஒரு துணைப்பகுதிக்குக் கண்டனம் வலுத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை ஏற்பட்டது. 2025 நவம்பரில், விளையாட்டை வேறொரு நிலையத்திடம் ஒப்படைத்து அதன் ஆசிரியர்கள் விலகும் அறிவிப்பு வந்தது.

நம் பக்கத்திலும் இதன் சாயல் உண்டு. இந்தோனேசியாவில் உருவாகி 2017இல் வெளியான பேருந்து ஓட்டும் கைப்பேசி விளையாட்டு ஒன்று தமிழகத்தில் இளைஞர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. ஜாவாவின் சாலைகளில் நம் அரசுப் பேருந்தின் நிறத்தையும் எழுத்தையும் பூசி ஓட்டுகிறார்கள். பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் காணும் வண்டியின் முகப்பு விளக்கு, பக்கவாட்டுப் பட்டை, ஊர்ப்பலகை ஆகியவற்றைப் பிசகாமல் வரைந்து, பிறருக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். வகுப்பில் ஒரு வெண்பாவின் தளையைப் பார்க்கச் சொன்னால் சலித்துக்கொள்ளும் மாணவன், பலகையின் எழுத்து ஒரு புள்ளி தள்ளியிருப்பதைப் பொறுக்காதவனாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். பூசலார் குளத்தை விட்டுவிடாததும் இதுவும் ஒரே குணம்தான். விளையாட்டின் அமைப்பு நாளை அடியோடு மாறினால் இந்த உழைப்பு பொருந்தாமல் போகும். அவர்களுடைய கவலை அதுதான்.

பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பருவங்களுள் சிற்றில் ஒன்று. மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதைக் காலால் அழிக்க வரும் சிறுவனிடம் சிதைக்காதே என்று வேண்டுவார்கள். மணல்வீடுதானே, மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்பது வெளியே நிற்பவரின் வாதம். கட்டியவர் அப்படி எண்ணுவதில்லை. நிறுவனங்களை நோக்கி ஆடுபவர்கள் எழுப்பும் குரல் இந்தச் சிறுமியரின் குரலே. ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளைத்தமிழில் சிதைப்பவன் குழந்தை. அவனிடம் விற்பனைக் கணக்கு இல்லை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பகுத்த தொல்காப்பியர், வழிநூல் தோன்றும் முறைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கைச் சொல்கிறார். நன்னூலார் மூன்றாவதாகச் சார்புநூலையும் சேர்த்து, வழிநூலுக்கு இரு நிபந்தனை விதிக்கிறார். முன்னோர் நூலின் முடிவோடு ஒத்திருக்க வேண்டும். பின்வருபவன் தான் விரும்பும் வேறுபாடுகளையும் சொல்ல வேண்டும். ஒத்தல் மட்டும் இருந்தால் அது படி. வேறுபாடு மட்டும் இருந்தால் அது வேறு நூல். இரண்டும் நிற்கும் இடமே வழிநூல். ‘சிம்சிட்டி 2000’ இவ்விலக்கணத்துக்குப் பொருந்தும். 2013இன் பாகம் பெயரில் ஒத்து முடிவில் மாறியது.

பூசலாரின் கதையே நம்மிடம் வழிநூல் வழியாகத்தான் வந்திருக்கிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரை ஊரும் பேரும் ஓர் அடைமொழியுமாகச் சுட்டிச் செல்கிறார். நம்பியாண்டார் நம்பி, கோயில் கட்டும் நினைவில் அவர் இரவெல்லாம் கண்துயிலாதிருந்ததை அந்தாதியின் ஒரு பாடலில் சேர்க்கிறார். தச்சரும் தூபியும் காடவர்கோனின் கனவும் சேக்கிழாரிடம்தான் முழுமையாக விரிகின்றன. தொகை, வகை, விரி என்று இதைச் சொல்வது மரபு. விரித்த சேக்கிழாரும் இப்பகுதிக்காரரே. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூர் அவர் ஊர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்மீது கொண்ட பற்றினால், அப்பெயரிலேயே ஒரு கோயிலைக் குன்றத்தூரில் அவர் எடுத்ததாக மரபு சொல்கிறது. அவருடைய விரி வந்ததால் சுந்தரரின் தொகை வழக்கொழியவில்லை என்பதே இங்கு முக்கியம். இன்றும் தொகை பாடப்படுகிறது.

‘விதி மாறினால் தவறா?’ என்று கேட்கலாம். மணிமேகலை சிலம்பின் மாந்தரை வாங்கிக்கொண்டு வேறொரு சமயத்தின் வழியில் நடந்தது. இரட்டைக் காப்பியம் என்றே நாம் போற்றுகிறோம். ஆனால் மணிமேகலை வந்ததும் சிலப்பதிகாரத்தின் ஏடுகளை யாரும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. வழங்கியில் வாழும் விளையாட்டுகளுக்கு இந்த உறுதி இல்லை. வழங்கியை நிறுத்தினால் மூலமே மறையும். ஆடுபவர்களின் கவலையில் நியாயமான பகுதி இது என்று கருதுகிறேன். புதுமையைக் கண்டு அஞ்சும் பழமைப்பற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மாற்று வழிகளும் இல்லாமலில்லை. முதல் சிம்சிட்டியின் மூலநிரல் 2008இல் வேறொரு பெயரில் பொதுவில் விடப்பட்டது. 1990களின் போக்குவரத்து விளையாட்டொன்றை அதன் அன்பர்களே 2004 முதல் திறமூலமாக மீட்டுருவாக்கி வளர்த்துவருகிறார்கள். ஏடு பெயர்த்தெழுதிக் காத்த மரபின் தொடர்ச்சி என்றே இவற்றைச் சொல்லலாம்.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. மனத்தில் கட்டியதற்குப் பின்வந்தோர் கல்லில் எழுப்பிய வழிநூல் அது. பூசலார் மனத்தில் கண்ட மதிலும் குளமும் இதுவேதானா என்பதைச் சொல்ல அவரால் மட்டுமே முடியும். ஆனால் கருவறையில் இலிங்கத்தின் அருகே பூசலாரின் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள். முதலில் கட்டியவனை உள்ளே இருத்திக்கொண்ட வழிநூல். அடுத்த பாகம் எழுதப் புகுவோர், அது விளையாட்டானாலும் நாவலானாலும், ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம்.