பேரேடு

பெருமை + ஏடு. 'மை' ஈறு கெட்டு, முதலெழுத்து நீண்டு 'பேரேடு' ஆயிற்று. பேர் எழுதும் ஏடு என்று பிரித்தாலும் பொருள் பொருந்திவிடுவது வேடிக்கை. ஏடு, பனையோலை இதழ். பின்னர் புத்தகத்துக்கும் ஆகிவந்தது. கணக்கியலில், குறிப்பேட்டில் நாள்வரிசையில் பதிந்ததைக் கணக்குவாரியாகத் தொகுப்பது பேரேடு. குறிப்பேட்டில் எழுதும் பேரேட்டுப் பக்க எண்ணே இரண்டையும் இணைக்கும் சுட்டு.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் பேரேட்டைத் தேட, பார்ட்டி (கொடுக்கல்வாங்கல் செய்வோர்) பெயர்வரிசைச் சுட்டு மட்டும் போதாது. ஒரே நிறமானாலும் சாயம் லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதி) சற்று மாறும். பனியனின் உடல் பகுதியையும் கைப் பகுதியையும் வெவ்வேறு லாட்டில் வெட்டினால் வேறுபாடு தெரிந்துவிடும். ஆகவே லாட் எண்ணாலும் தேட வழி வேண்டும். கணினிப் பேரேட்டில் பதிவுகளைத் தொடாமல் சுட்டை மட்டும் மாற்றியமைக்கலாம். நிட்டிங் கணக்கையும் சாயப்பட்டறைக் கணக்கையும் ஒத்துப்பார்க்க லாட் எண்ணே பிடி.