பதிலாளின் விலை: பேஸ்பால் கணக்கியலின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேஸ்பால் ஆட்டம், பள்ளித் திடல்களில் சிறுவர் சிறுமியர் ஆடும் ரவுண்டர்ஸ் ஆட்டத்திற்கு நெருங்கிய உறவு உடையது. கட்சிக்கு ஒன்பதின்மர். அவருள் மூவர் திடலின் கடைக்கோடியில் இடம், நடு, வலம் எனப் பிரிந்து நின்று, உயர்ந்தும் விரைந்தும் வரும் பந்துகளைப் பிடிப்பர். இவர்களே வெளிக்கள ஆட்டக்காரர். புகழ்பெற்ற மட்டைவீரர் பலர் இம்மூவர் வரிசையில் தோன்றியவரே. ஆயினும் அவருள் ஒருவர் காயமுற்றால் ஆட்டம் நின்றுவிடுவதில்லை. சிறு லீக்குகளில் காத்திருப்போருள் ஒருவரை மறுநாளே வரவழைத்து அவ்விடத்தில் நிறுத்திவிடுவர். அவ்வாறு வந்து நிற்கும் பதிலாள் எத்தகையவர்? அவரினும் மேலாக ஆடுபவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடைகாண முயன்றோரின் வரலாறு, பொதுவாக மனித உழைப்பை அளக்கும் முயற்சிக்கே ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

இக்கணக்கின் தந்தை எனப்படும் ஹென்ரி சாட்விக் ஓர் ஆங்கிலேயர். 1824-இல் எக்ஸிட்டர் நகரில் பிறந்து, இளமையிலேயே குடும்பத்தோடு புரூக்ளினுக்குக் குடியேறியவர். முதலில் கிரிக்கெட் ஆட்டச் செய்திகளை எழுதிவந்த இவர், பின்னர் பேஸ்பாலின்பால் ஈர்க்கப்பெற்று, கிரிக்கெட் ஏட்டின் முறையையே இதற்கும் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஆட்டத்தையும் சிறு கட்டத்துள் எண்களாக அடக்கிக் காட்டும் வழக்கமும், அடிகளின் சராசரியைக் கொண்டு மட்டைவீரரை மதிக்கும் வழக்கமும் வேரூன்ற இவரே பெருங்காரணர். பந்து வீசுபவர் தவறியதால் மட்டைவீரருக்குக் கிடைக்கும் இலவச நடையை மட்டைவீரரின் திறமையாகக் கருத இவர் ஒப்பவில்லை. இதன் விளைவு பெரிது. பொறுமையாக நின்று, தீய பந்துகளை விடுத்து, முதல் தளத்தை அடைந்துகொண்டே இருந்தவர் அடுத்த நூறாண்டுக்குமேல் ஏட்டில் மறைந்தே நின்றார்.

சராசரியின் குறைபாடு அறிஞர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1916-இல் 'பேஸ்பால் மேகசின்' இதழாசிரியர் எஃப். சி. லேன் அதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஒருவனிடம் எத்தனை நாணயங்கள் உள்ளன என்று மட்டும் எண்ணிவிட்டு, அவை டாலரா செப்புக்காசா என்று பாராமல் அவன் செல்வத்தைச் சொல்லிவிட இயலுமா என்பது அவர் வாதம். ஒரு தளத்திற்கு உதவும் சிற்றடியும், திடலுக்கு வெளியே பறக்கும் பேரடியும் சராசரிக் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்பட்டன. வாதம் சரியே, எனினும் கழகங்கள் செவிசாய்க்கவில்லை.

செவிசாய்த்த முதல் பெருந்தலைவர் பிராஞ்ச் ரிக்கி. புரூக்ளின் டாட்ஜர்ஸ் கழகத்திற்கு ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்து நிறத்தடையை உடைத்த அதே 1947-இல், மாண்ட்ரியால் நகரினரான ஆலன் ராத் என்பவரை முழுநேரப் புள்ளிவிவரக்காரராக அமர்த்தினார். அக்கழகத்தின் வலப்புற வெளிக்கள ஆட்டக்காரரான டிக்ஸி வாக்கர், புரூக்ளின் மக்களின் கண்ணுக்குக் கண்ணானவர். அவ்வாண்டும் அவர் சராசரி 300-க்கு மேலேயே இருந்தது. ஆனால் அவர் அடித்த பந்துகள் சென்று விழுந்த இடங்களை ராத் குறித்துவைத்தபோது, இடக்கை மட்டையாளரான வாக்கர் பந்தை வலப்புறம் இழுத்தடிக்கும் வேகத்தை இழந்துவருவது தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் பிட்ஸ்பர்க் கழகத்திற்கு அனுப்பப்பெற்றார். கணக்கு மட்டுமே இதற்குக் காரணம் என்பது பொருந்தாது. ராபின்சனோடு ஆட விரும்பாமல் தம்மை வேறிடம் மாற்றக் கேட்டவரும் வாக்கரே. 1948-இலும் அவர் நன்றாகவே அடித்தார். 1949-உடன் பெரிய லீக்கில் அவர் ஆட்டம் முடிந்தது. ஒருவர் சென்ற ஆண்டு என்ன செய்தார் என்பதைவிட அடுத்த ஆண்டு என்ன செய்வார் என்பதே கழகத்திற்கு வேண்டியது என்னும் எண்ணம் இங்கே தெளிவாக முளைவிடுகிறது.

எனினும் மதிப்பு வேறு, விலை வேறு. அக்காலத்தில் ஆட்டக்காரருக்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த ஒதுக்கீட்டு விதியின்படி, ஒரு கழகத்தில் கையொப்பமிட்டவர் அக்கழகம் விடும்வரை அதற்கே உரியவர். பிடிக்காவிட்டால் ஆட்டத்தையே விடலாம். 1967-இல் குறைந்த அளவு ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். செயிண்ட் லூயிஸ் கழகத்தின் நடு வெளிக்கள ஆட்டக்காரரான கர்ட் ஃபிளட், 1969 அக்டோபரில் தம்மைக் கேளாமல் பிலடெல்பியாவிற்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் பெற்ற கறுப்பினத்தவர் அவர். தாம் விற்கவும் வாங்கவும் படும் உடைமை அல்லர் என்னும் கருத்தை ஆட்டத்தின் ஆணையருக்கு எழுதிவிட்டு, வழக்குமன்றம் ஏறினார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஃபிளட்டின் ஆட்ட வாழ்வு அதற்குள் முடிந்துவிட்டது. 1974-இல் ஜெரால்டு ஸ்கல்லி என்னும் பொருளாதார அறிஞர், ஆட்டக்காரர் கழகத்திற்கு ஈட்டித்தரும் வருவாயில் சிறு பகுதியையே சம்பளமாகப் பெறுகின்றனர் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1975 டிசம்பர் 23-இல் நடுவர் பீட்டர் சைட்ஸ் வழங்கிய தீர்ப்பு ஒதுக்கீட்டு விதியை உடைத்தது. அது முதல் ஆட்டக்காரர் தம்மைத் தாமே விலைபேசலாயினர். கழகங்களும் விலைகூற வேண்டியதாயிற்று. விலைகூற வேண்டியவனுக்கு அளவுகோல் வேண்டும் அன்றோ?

அளவுகோலைத் தந்தவர் பெரும்பாலும் கழகங்களுக்கு வெளியே இருந்தவர்களே. கான்சாஸ் மாநிலத்தில் அவரைத் தகரடைப்புத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ், 1977-இல் தம் முதல் ஆய்வுத் தொகுப்பைத் தாமே அச்சிட்டு அஞ்சலில் விற்றார். வாங்கியவர் நூற்றுவர்கூட இல்லை. 1984-இல் பீட் பாமரும் ஜான் தோர்னும் வெளியிட்ட நூல், ஒவ்வோர் அடியும் எத்தனை ஓட்டத்திற்கு ஈடு, எத்தனை ஓட்டம் ஒரு வெற்றிக்கு ஈடு என்று வகுத்தது. ஏறத்தாழ 10 ஓட்டங்களுக்கு ஒரு வெற்றி. லேன் கேட்ட நாணயப் பாகுபாடு ஒருவாறு நிறைவேறியது எனலாம்.

ஆனால் பாமர் கணக்கில் பூச்சியம் லீக் சராசரியில் இருந்தது. சராசரி ஆட்டக்காரர் பத்தாண்டு உழைத்தாலும் அவர் பெறும் மதிப்பு பூச்சியமே. ஒரே வாரம் ஆடிச் சென்றவருக்கும் அதே பூச்சியம். இதனை ஜேம்ஸ் மறுத்தார். வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 எனில், 60 பெற்ற மாணவனை ஒன்றும் அறியாதவன் என்று எந்த ஆசிரியரும் கூறமாட்டார். பெரிய லீக்கில் ஆடுவோர் நாட்டின் ஆட்டக்காரர் அனைவரிலும் மேல்முனையில் நிற்கும் சிலர். கூம்பின் உச்சியை நோக்கிச் செல்லச் செல்ல ஆள் குறைவர். அடிவாரத்தை நோக்கினால் கிட்டத்தட்ட ஒரே திறம் உடையோர் பலர். எனவே சராசரி என்பதே அரிய பொருள். எளிதில் கிடைப்பது அதற்குச் சற்றுக் கீழே உள்ளது.

அந்தச் 'சற்றுக் கீழே' எங்கே என்று முறையாக வரையறுத்தவருள் முதன்மையானவர் கீத் வுல்னர். 1990-களிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் அவர் செய்த ஆய்வில், பெரும்பாலான இடங்களில் பதிலாளின் மட்டைத் திறன் சராசரியில் 80 விழுக்காடு அளவு என்று கண்டார். பூச்சியம் அங்கே நகர்ந்தது. பதிலாளுக்குக் குறைந்த அளவுச் சம்பளமே போதும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும், அவருக்கு மேலாகக் கிடைக்கும் வெற்றிக்கே கொடுக்கப்பெறுகிறது என்பது இதன் பொருளியல் கருத்து.

பூச்சியம் எங்கே என்பதில் கணக்கருள் ஒற்றுமை இல்லை. ஃபேன்கிராப்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்னும் இரு பெரும் புள்ளிவிவர நிலையங்கள் வெவ்வேறு மட்டங்களைக் கொண்டிருந்தமையால், ஒரே ஆட்டக்காரர் ஒன்றில் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் காணப்பட்டார். 2013-இல் இரண்டும் உடன்பட்டு, பதிலாள்களே நிறைந்த ஒரு கழகம் 1,000 ஆட்டத்தில் 294 வெல்லும் என்று வைத்தன. 162 ஆட்டத்தில் இது 48-க்குச் சற்றுக் குறைவு. சராசரிக் கழகம் 81 வெல்லும். இடையே உள்ள 33 சொச்சம் வெற்றிகளை 30 கழகங்களால் பெருக்க, ஆண்டுக்கு 1,000 வெற்றிகள் பங்கிடக் கிடைக்கின்றன; ஃபேன்கிராப்ஸ் கணக்கில் இவற்றுள் 570 மட்டைவீரருக்கு, 430 பந்து வீசுவோருக்கு. வட்டமான 1,000 வந்து விழுந்தது இயற்கையின் செயல் அன்று, கணக்கரின் வசதி. ஆயினும் உண்மையிலிருந்து வெகுதூரம் விலகியதும் அன்று. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் 40 ஆட்டமும், 2003-இல் டெட்ராய்ட் 43 ஆட்டமும், 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41 ஆட்டமுமே வென்றன.

வெளிக்கள ஆட்டக்காரரிடம் இக்கணக்கு இன்னும் நுட்பமாகிறது. நடுவில் நிற்பவர் ஓடிக் காக்கவேண்டிய பரப்பு பெரிது. அதற்கு ஏற்ற கால்வேகம் உடையோர் சிலரே. இடத்திலும் வலத்திலும் நிற்கத் தகுதியுடையோர் பலர். ஆகவே ஃபேன்கிராப்ஸ் முறையில் முழு ஆண்டு நடுவில் ஆடியவருக்கு இரண்டரை ஓட்டம் கூட்டவும், ஓரங்களில் ஆடியவருக்கு ஏழரை ஓட்டம் குறைக்கவும் செய்வர். மட்டையில் ஒரே திறம் உடைய இருவர், நிற்கும் இடத்தால் மட்டும் ஒரு வெற்றி அளவு வேறுபடுவர். ஓரத்தில் நிற்பவர் மட்டையால் அதனை ஈடுசெய்தாக வேண்டும்.

கடந்ததை அளந்தாயிற்று. வருவதை எவ்வாறு அறிவது? டாம் டாங்கோ என்னும் புனைபெயருடைய ஆய்வாளர் 2004-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டு, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் குரங்கின் பெயரான மார்செல் என்பதை அதற்கு இட்டார். குரங்கும் செய்யக்கூடிய கணக்கு என்பது குறிப்பு. கடந்த மூன்றாண்டுக் கணக்கை 5, 4, 3 என்னும் எடையில் கூட்டுக. அதனோடு 1,200 முறை மட்டை பிடித்த அளவு லீக் சராசரியைக் கலக்குக. வயது 29-க்குக் கீழாயின் சிறிது ஏற்றுக, மேலாயின் சிறிது இறக்குக. அவ்வளவே. இதனினும் சிக்கலான முறைகள் பல வந்தும், இதனை மிகுதியாக வென்றவை சிலவே.

ஒருவர் சென்ற ஆண்டு முதன்முறை வந்து 200 முறை மட்டை பிடித்து, 1,000-க்கு 380 என்னும் விகிதத்தில் தளம் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். லீக் சராசரி 320. அவர் கணக்கின் எடை 200 பெருக்கல் 5, அதாவது 1,000. சராசரியின் எடை 1,200. கலந்தால், வயதைக் கருதாத நிலையில், 347 வருகிறது. அவர் சாதித்த 60-இல் 27-ஐ மட்டுமே கணக்கர் நம்புகிறார் என்பது பொருள்.

இங்கே பழைய வினா வேறு உருவில் மீள்கிறது. எந்தச் சராசரியோடு கலப்பது? மார்செல் முறை சிறு லீக் பதிவுகளைப் பார்ப்பதில்லை. ஆதலின் பெரிய லீக்கில் ஒரு பந்தும் அடித்திராதவரையும் சராசரி ஆட்டக்காரர் என்றே கூறிவிடும். வாசலில் காத்துநிற்கும் வெளிக்கள ஆட்டக்காரரைப் பொறுத்தவரை இது மிகைத் தாராளம். அத்தகையோரின் சராசரி 300 என்று கொண்டால், மேற்கூறியவரின் விகிதம் 336 ஆகச் சுருங்கும். 600 முறை மட்டை பிடித்தால் ஏறத்தாழ 7 முறை குறைவாகத் தளம் சேர்வார். இடம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த ஏழில் தொங்கக்கூடும். இதனை ஈடுசெய்யவே, சிறு லீக் கணக்கைப் பெரிய லீக் அளவுக்கு மாற்றும் முறையை ஜேம்ஸ் 1985-இல் தந்தார். 2003-இல் வெளிவந்த நேட் சில்வரின் 'பெகோட்டா' முறையோ, ஒருவரைப் போன்ற பழைய ஆட்டக்காரர் பலரைத் தேடி ஒப்பிட்டு, ஒரே எண்ணுக்கு மாறாக உயர்வு தாழ்வு எல்லைகளைத் தந்தது. அறிவுடைய மாற்றமே, ஆனால் கழகம் இறுதியில் எடுக்கவேண்டிய முடிவு இருத்துவதா விடுவதா என்னும் இரண்டில் ஒன்றுதான்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், 2010-களில் கணக்கரை மிகுதியும் நம்பிய கழகம். அங்கு இடப்புற வெளிக்களத்தில் ஆடிய ஜே. டி. மார்ட்டினஸின் சராசரி 2013-இல் 250, இலவச நடை பெற்றது மிகச் சில முறை, காவலிலும் சிறப்பில்லை. பதிலாளுக்கு அடையாளம் கூறச் சொன்னால் இவரையே காட்டலாம் என்னும் நிலை. அவ்வாண்டு இறுதியில் அவர் சிறந்த மட்டைவீரர்களின் படங்களைப் பார்த்து, கலிபோர்னியாவில் தனிப் பயிற்சியாளரிடம் சென்று, மட்டை வீசும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டார். 2014 வசந்தப் பயிற்சியில் அதனைக் காட்ட அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகச் சில. மூன்றாண்டுக் கணக்கு முழுவதும் பழைய வீச்சின் கணக்கு. புதிய வீச்சுக்கு அதில் எடையே இல்லை. மார்ச் மாதம் கழகம் அவரை விடுவித்தது. டெட்ராய்ட் கழகம் சிறு லீக் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே 315 என்னும் சராசரியும் 23 பேரடிகளும், அடுத்த ஆண்டு 38 பேரடிகளும் அவர் கணக்கில் சேர்ந்தன.

2018-இல் 5 ஆண்டுகளுக்கு 11 கோடி டாலர் கொடுத்து அவரை வாங்கியது பாஸ்டன் ரெட் சாக்ஸ். முன்னாள் காவலர் பில் ஜேம்ஸ் அப்போது ஆலோசகராக இருந்த கழகம் அது. அவ்வாண்டு அக்டோபரில் லீக் இறுதித் தொடரில் ஹூஸ்டனை 4-க்கு 1 எனப் பாஸ்டன் வென்றபோது, முடிவு ஆட்டத்தில் பாஸ்டனின் முதல் ஓட்டத்தைப் பேரடியாக அடித்தவர் மார்ட்டினஸ்.