ஒரு வயர், மூணு டிவி

வீட்டில் இரண்டாவது டிவி வந்ததுமே ஒரு கேள்வி வரும். ஒரே சிக்னலை இரண்டுக்கும் எப்படிக் கொடுப்பது? பி.காம். படித்து பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீங்க. தோண்டிப் பார்த்தால் இதுவும் ஒரு கணக்கு வழக்குதான் :-)

கதை அமெரிக்காவில் ஆரம்பம். 1940களின் கடைசியில் மில்டன் ஷாப் என்பவரின் ஜெரால்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, ஒரே ஆன்டெனாவில் இருந்து பல டிவிகளுக்கு சிக்னல் பிரித்துக் கொடுக்கும் சாதனங்களை விற்றது. அடுக்குமாடி வீடுகளும் டிவி விற்கும் கடைகளும்தான் வாடிக்கையாளர்கள். (இவர் பின்னால் பென்சில்வேனியா கவர்னரே ஆனார், 1971-79.) அதே மாநிலத்தில் லான்ஸ்ஃபோர்டு என்ற ஊருக்கு மலை மறைத்ததால் பிலடெல்பியா சிக்னல் சரியாக வராது. 1950-ல் ராபர்ட் டார்ல்டன் என்ற கடைக்காரர் மலைமேல் ஆன்டெனா நட்டு, ஜெரால்டு சாதனங்களை வைத்து ஊருக்குள் வயர் இழுத்தார். கேபிள் டிவியின் முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

நம் நாட்டில் 1991 வளைகுடாப் போரை சிஎன்என்-னில் பார்த்த பிறகு, தெருவுக்குத் தெரு கேபிள் பரவியது. வீட்டுக்குள் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் போட்டால் ஹாலில் ஒரு டிவி, பெட்ரூமில் ஒரு டிவி. இரண்டாகப் பிரித்தால் சிக்னலின் பலம் பாதியாகும், அவ்வளவுதான். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நடுவில் ஒரு பூஸ்டர்.

இதில் முக்கியமான விஷயம், எல்லா சேனலும் அந்த ஒரே வயரில் சேர்ந்து வந்தன. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் ட்யூனர் ஒவ்வொரு டிவிக்குள்ளும் இருந்தது. பையன் ஹாலில் கிரிக்கெட் பார்ப்பான், பாட்டி உள்ளே சீரியல் பார்ப்பார். சண்டை கிடையாது.

2003-ல் டிடிஎச் வந்தது. கேபிள்காரரிடம் 1993-ல் தொடங்கிய சன் டிவியைக் கேட்டு நச்சரித்த வடக்கத்தித் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ட்யூனர் டிவியை விட்டு செட்டாப் பாக்ஸுக்குள் போய்விட்டது. ஒரு பாக்ஸ், ஒரு நேரத்தில் ஒரு சேனல். அதைப் பத்து டிவிக்குப் பிரித்தாலும் பத்திலும் அதே சேனல்தான்!

எச்டி வந்ததும் இன்னொரு பூட்டு. 2002 டிசம்பரில் வெளியான எச்டிஎம்ஐ, பாக்ஸ் விரித்துக் கொடுக்கும் முழுப் படத்தையும் சுருக்காமல் அனுப்புகிறது. 1080 தரத்தில் வினாடிக்கு 60 படம் என்றால், படத்துக்கு மட்டும் சுமார் 300 கோடி பிட். அதனால் சாதா வயரில் தூரம் போகாது. கூடவே இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி பாதுகாப்பும் உண்டு. எதிரில் இருப்பது அங்கீகாரம் பெற்ற டிவிதானா என்று பாக்ஸ் சரிபார்க்கும். செக்கில் உள்ள கையெழுத்தை நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி. நடுவில் வைக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் அந்த அங்கீகாரம் வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புத் திரைதான். 2010-ல் இதன் மூலச் சாவியே வெளியே கசிந்தது. பூட்டு போகவில்லை, புதுப் பூட்டு வந்தது.

ஆக, ஆளுக்கொரு சேனல் வேண்டுமென்றால் ஆளுக்கொரு பாக்ஸ், ஆளுக்கொரு கட்டணம். 2020-ல் டிராய், ஒரே பெயரில் உள்ள இரண்டாவது இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. சேனல் விலை தனி. இப்போது ஓடிடியிலும் அதே கதை. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸ், வீட்டுக்கு வெளியே பாஸ்வேர்டைப் பகிர்வதற்குத் தடை போட்டது.

படம் தெளிவானது உண்மை. ஆனால் ஒரே பாக்ஸ் உள்ள வீட்டில் ரிமோட் யார் கைக்குப் போகிறது? இந்தி பேசி வளரும் பிள்ளைகள் கைக்குத்தான். விட்டுக்கொடுப்பது பாட்டி, கூடவே அவர் பார்க்கும் தமிழும். வெளியூரில் பிள்ளைகள் காதில் விழும் தமிழே கொஞ்சம். அதில் ஒரு பங்கு அந்த உள்ரூம் டிவியில் இருந்து வந்தது. என் கணக்கில் இரண்டாவது இணைப்பு வீண் செலவு இல்லை.

உங்க வீட்டில் ரிமோட் யார் கையில்?